கடுமையான சட்டம் வேண்டும் என்பவர்களே புகார் கொடுத்தவளைக் குறை சொல்வது ஏன்?

மலர்விழி கேட்டது:
வணக்கம். குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு எதிரான சட்டங்களுக்கு மக்களிடையே உள்ள ஆதரவு பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கடுமையான சட்டம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பவர் அரிது. ஆனால் இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21), சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, மாமனார் மாமியாரை மதிக்காதது போன்ற ஏழு காரணங்களில் ஒன்றுக்காகவேனும் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று பெண்களில் 45 சதவீதத்தினரும் ஆண்களில் 44 சதவீதத்தினரும் சொல்லியிருக்கிறார்கள். சட்டத்துக்கு ஆதரவு என்று நாம் சொல்வது உண்மையில் எதற்கான ஆதரவு?

இளங்கோ:
தண்டனைக்கான ஆதரவைத்தான் பெரும்பாலும் நாம் சட்டத்துக்கான ஆதரவு என்று எண்ணிக்கொள்கிறோம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பின் தெருவில் இறங்கியவர்களில் பலர் தூக்குத் தண்டனையைக் கேட்டார்கள். அப்போது அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவோ, ஒரே மாதத்தில் கொடுத்த அறிக்கையில், வல்லுறவுக்கு மரண தண்டனை வேண்டாம் என்றும், திருமண உறவுக்குள் நிகழும் வல்லுறவுக்குச் சட்டம் தந்துள்ள விலக்கை நீக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2013-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தத்தில், பாதிக்கப்பட்டவர் இறந்துபோகும் வழக்குகளுக்கு மரண தண்டனை சேர்ந்தது. திருமண விலக்கு அப்படியே நின்றது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் நிற்கிறது. முகம் தெரியாத குற்றவாளியைத் தூக்கிலிடக் கேட்பது எளிது. குற்றவாளி வீட்டுக்குள் இருக்கலாம் என்று சட்டம் சொல்லும்போதுதான் ஆதரவு தயங்குகிறது.

ஷஹானா:
இளங்கோ சொல்வது சரி. ஆயினும் ஆதரவு முழுமையாகத் திரண்ட பிறகே சட்டம் வர வேண்டும் என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. இங்கிலாந்தில் கணவனுக்கு இருந்த அந்த விலக்கை 1991-இல் நீக்கியது, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையின் தீர்ப்பு. நாடாளுமன்றச் சட்டம் 1994-இல்தான் அதைத் தொடர்ந்தது. பிரேசிலில் மரியா தா பென்யா என்பவரை அவருடைய கணவர் 1983-இல் உறக்கத்தில் சுட்டதால் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் 2001-இல் பிரேசில் அரசையே பொறுப்பாக்கிய பிறகு, 2002-இல்தான் அந்தக் கணவர் சிறைக்குப் போனார். 2006-இல் வந்த சட்டம் இன்றும் அந்தப் பெண்ணின் பெயராலேயே வழங்குகிறது. சட்டப் பிரிவின் எண்ணை யாரும் நினைவில் வைப்பதில்லை, பெயர் நிற்கும். அந்தச் சட்டம் அங்கே பரவலாக அறியப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கதிரவன்:
ஆதரவு வந்த பிறகும் கரையக்கூடியது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பிய ஒப்பந்தம் 2011-இல் இஸ்தான்புல் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு துருக்கி. 2021-இல், பெண்கள் திரளாகத் தெருவில் நின்று எதிர்த்தும், அதிபரின் ஆணையால் அதிலிருந்து விலகியதும் துருக்கிதான். குடும்ப அமைப்பு குலைகிறது என்பதே அங்கே சொல்லப்பட்ட முக்கியக் குறை. பொய்ப் புகார் என்ற வாதமும் உலகெங்கும் உண்டு. பொய்ப் புகாரே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருட்டுப் புகாரிலும் பொய் உண்டு, அதற்காகத் திருட்டுச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்பவரை நான் கண்டதில்லை.

இளங்கோ:
மலர்விழி, கருத்துக் கணிப்பு எதையேனும் நீங்களே நடத்துவதாக இருந்தால், பொதுவான கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சட்டத்தின் பிரிவுகளைக் கேள்வியாக்குங்கள். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பெரும்பாலும் உரிமையியல் (சிவில்) தன்மை கொண்டது: பாதுகாப்பு ஆணை, ஜீவனாம்சம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை. அதன் 4-ஆம் பிரிவின்படி, வன்முறை நடப்பதாக நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் தகவல் சொல்வீர்களா, மருமகள் வழக்குப் போட்ட பிறகும் அதே வீட்டில் இருப்பதை ஏற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மலர்விழி:
நன்றி. இரண்டாவது கேள்வியை மகன் உள்ள பெற்றோரிடமும் மகள் உள்ள பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டும் உள்ளவர்களை எந்தப் பட்டியலில் வைப்பது என்பதற்கு யாரேனும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.