எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றிய பி செல்கள்: ஒப்பீடு குறித்து உதவி தேவை

வணக்கம். 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன்-பார் வைரஸ், மனிதரின் பி செல்களில் (எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளையணுக்கள்) எந்தெந்த மரபணுக்களைத் தூண்டுகிறது என்பதை ஆர்என்ஏ அளவீடுகள் மூலம் ஆராய்ந்து வருகிறேன். இவ்வைரஸின் இபிஎன்ஏ2 புரதம் டிஎன்ஏவைத் தானே பற்றாமல், செல்லுக்கே உரிய ஆர்பிபி-ஜே புரதத்தைப் பற்றிக்கொண்டு, சுமார் 5 லட்சம் கார இணைகளுக்கு அப்பாலுள்ள தூண்டுபகுதிகள் (மரபணுவின் செயலைக் கூட்டும் டிஎன்ஏ பகுதிகள்) வழியாக, செல்பெருக்கத்தைத் தூண்டும் மிக் (MYC) மரபணுவை முடுக்கிவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால், தொற்றிய செல்கள் விரைந்து பெருகுவதால், வைரஸ் நேரடியாக விளைவித்த மாற்றம் எது, செல்பெருக்கத்தின் தொடர்ச்சியாக வந்தது எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஓய்வுநிலைச் செல்களோடு மட்டும் ஒப்பிடுவது போதாது என்றே கருதுகிறேன். பி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி40 என்ற ஏற்பி வழியாகத் தூண்டிப் பெருகச்செய்த, தொற்றில்லாத பி செல்களை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தியவர்கள், எத்தனையாவது நாளில் மாதிரி எடுத்தீர்கள் என்பதைத் தயைகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.