சொல் வேண்டும்: ஹைட்ராலிக் ஜாக்கியின் ‘சீல்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டிராக்டர் லோடர் பழுதுபார்ப்புக் கையேட்டில் சிலிண்டர் பகுதி மட்டும் பாக்கி. எண்ணெய் கசியாமல் பிடிக்கும் வளையமான ‘சீல்’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தேன். அடைப்பி, கசிவடைப்பான், இறுக்குவளையம், முத்திரை என்று நான்கு வந்திருக்கின்றன. முத்திரை எந்திர மொழிபெயர்ப்பின் கைவேலை போலிருக்கிறது. அதே எந்திரம், சிலிண்டரின் கழுத்தை மூடும் கிளாண்டைச் ‘சுரப்பி’ ஆக்கியதையும் பார்த்தேன், அதனால் அதை விட்டுவிடலாம். ‘அடைப்பி’க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்குத் தயக்கமும் அதில்தான். ஏன் என்று சொல்ல ஜாக்கியைப் பிரித்தாக வேண்டும். எங்கள் சேலம் பக்கம் டிப்பரைத் தூக்குவதும் ஜாக்கிதான், லோடர் கையைத் தூக்குவதும் ஜாக்கிதான். ஹைட்ராலிக் சிலிண்டரை ‘நீரியல் உருளை’ என்று கேட்டால் கடையில் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

ஒரு ஜாக்கிக்குள் ‘சீல்’ என்ற ஒரே பேரில் குறைந்தது மூன்று வேலைகள் நடக்கின்றன. சிலிண்டரின் கழுத்தில், தண்டு வெளியே வரும் இடத்தில் இருப்பது ராடு சீல். அது தேய்ந்தால் தண்டு நனையும், எண்ணெய் சொட்டும், அதன்மேல் தூசி அப்பிக்கொள்ளும். பிஸ்டனைச் சுற்றி இருப்பது இன்னொன்று. அது போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவி, தூக்கும் வலு குறையும். பக்கெட் தானாக இறங்கினால் பலர் உடனே இதன் தலையில் பழியைப் போடுகிறார்கள். எண்ணெயைத் திருப்பிவிடும் கன்ட்ரோல் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் உருளை) தேய்ந்திருந்தாலும் அதே அறிகுறிதான். வால்வைப் பார்க்காமல் ஜாக்கியைக் கழற்றுவது வீண் செலவு. மூன்றாவது, கழுத்தின் வெளி விளிம்பில் இருக்கும் வைப்பர். இது எண்ணெயைத் தடுப்பதற்கானது அல்ல. தண்டு உள்ளே போகும்போது ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டி வெளியே தள்ளுகிறது. மேக்னசைட் சுரங்கத்தை ஒட்டி ஓடும் வண்டிகளில் அந்த வெள்ளைத் தூசி எங்கும் படியும். அங்கே வைப்பர் போய்விட்டால் மற்ற சீல்களும் அதன் பின்னாலேயே போகும்.

இப்போது ‘அடைப்பி’க்கு வருகிறேன். அடைப்பு என்றால் நமக்கு ஒன்றும் போகாமல் நின்றுவிடுவது. சாக்கடை அடைப்பும் மாரடைப்பும் அப்படித்தான். ராடு சீல் அப்படி வேலை செய்வதில்லை. தண்டு அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். தண்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் அது விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து உராய்ந்து சீலே கிழியும். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் அழுத்தம் 150 முதல் 200 பார் வரை. அவ்வளவு அழுத்தத்தையும் பிடித்துக்கொண்டு தண்டையும் நகரவிடுகிற பொருளுக்கு ‘அடைப்பி’ பொருந்தவில்லை.

என் பரிந்துரை ‘காப்பு’. கையில் போடும் வளையமும் காப்பு, காப்பதும் காப்பு. இந்தப் பொருள் வளையமாகவும் இருக்கிறது, காக்கவும் செய்கிறது. ஆக, பொதுச்சொல் கசிவுக்காப்பு, ராடு சீல் தண்டுக்காப்பு, பிஸ்டன் சீல் பிஸ்டன்காப்பு. ‘பிஸ்டன்’ என்ற சொல்லை இந்தக் கையேட்டில் மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். வைப்பருக்குக் காப்பு வேண்டாம். மாவுச் சட்டியை விரலால் வழிக்கிறோமே, அதேதான் அங்கே நடக்கிறது. அதனால் அதற்கு வழிப்பு வளையம். கிளாண்டுக்குக் கழுத்துமூடி.

சொல் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பத்தியையே எழுதிப் பார்த்தேன்:

“பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றவும். கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கைக்குப் பதில் ஓர் அட்டைத் துண்டை அங்கே பிடித்துப் பார்க்கவும். ஹோஸ்களைக் கழற்றி வாய்களை மூடவும். கழுத்துமூடியைக் கழற்றித் தண்டை நேராக உருவவும். பழைய தண்டுக்காப்பை எடுக்கும் முன் அதன் உதடு (மெல்லிய விளிம்பு) எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளவும். புதியதன் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். வழிப்பு வளையத்தின் உதடு வெளியே பார்க்க வேண்டும். புதிய காப்பில் எண்ணெய் தடவி, உள்பக்கமாக மடித்துக் காடியில் (வளையம் உட்காரும் பள்ளத்தில்) விடவும். தண்டின் குரோம் பூச்சில் கீறலோ துருப்புள்ளியோ நகத்தில் தட்டினால், காப்பை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.”

படிக்க முடிகிறதா? சொல்லுங்கள்.

*

மறுமொழி:

ஐயா, வழிப்பு வளையம் அருமை, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காப்பில்தான் எனக்குச் சிக்கல். இயற்பியல் பாடத்தில் மின்காப்பு, வெப்பக்காப்பு என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அதைவிட, ‘ஆயில் சீல்’ என்பதை உங்கள் வழியில் சொன்னால் எண்ணெய்க்காப்பு என்று வரும். அது கோயிலில் சாமிக்குச் சாத்துவது! ஏற்காடு எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவரிடம் எண்ணெய்க்காப்பு மாற்ற வேண்டும் என்றால் எந்தக் கோயில் என்று கேட்பார்.

*

மறுமொழி:

சிரித்துவிட்டேன். எண்ணெய்க்காப்பு வேண்டவே வேண்டாம், ஆயில் சீலும் கசிவுக்காப்பாகவே இருக்கட்டும். மின்காப்பு பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் அங்கேயும் வேலை ஒன்றுதானே? மின்சாரம் கசியாமல் காப்பது மின்காப்பு, வெப்பம் கசியாமல் காப்பது வெப்பக்காப்பு. முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் வராது. தனியாகக் ‘காப்பு’ என்று போடுவதை, ஒருமுறை முழுப்பெயர் சொன்ன பத்திக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

*

மறுமொழி:

நான் ஆத்தூர் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். வாதமெல்லாம் சரி. கடையில் நாங்கள் கேட்பது ‘சீல் கிட்’; போர் (சிலிண்டரின் உள்விட்டம்) எத்தனை மில்லிமீட்டர், ராடு (தண்டு) எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லித்தான் வாங்குகிறோம். புத்தகத்தில் கசிவுக்காப்பு மட்டும் இருந்தால் பையன் கடையில் போய் முழிப்பான். அப்புறம், பிஸ்டனில் ஓரிங் என்கிற ரப்பர் வளையத்துக்குப் பக்கத்தில் கெட்டியாக ஒரு பேக்கப் ரிங் வருமே, அதையும் காப்பு என்றுதான் சொல்வீர்களா? பலர் அதைப் போடாமலே மூடிவிடுகிறார்கள். அதற்குத் தனிப் பேர் வேண்டும்.

*

மறுமொழி:

அண்ணா, நீங்கள் சொல்வதுதான் சரி. உதிரிப்பாகப் பட்டியலில் ‘சீல் கிட்’ அப்படியே இருக்கும், அளவுகளோடு. ஓரிங்கிலும் கை வைக்கப் போவதில்லை. விளக்கப் பகுதியில் முதல் தடவை ‘சீல் எனப்படும் கசிவுக்காப்பு’ என்று எழுதிவிட்டு மேலே போகிறேன். அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ராஜாஜியும் நண்பர்களும் சங்கம் வைத்தது 1916இல் இதே சேலத்தில். அவர்கள் எடுத்துக்கொண்டது வேதியியல், தாவரவியல், கணிதம் மாதிரியான பாடங்களை. பட்டறைக்குச் சொல் ஆக்க வேண்டுமென்றால் உங்களைப் போன்றவர்கள் இழையில் இருந்தாக வேண்டும்.

பேக்கப் ரிங்குக்குத் தனிப்பெயர் தேவைதான். அழுத்தம் ஏறும்போது ரப்பர் பிதுங்கி உலோக இடைவெளிக்குள் நுழைந்து நறுக்குப்படாமல், பின்னால் நின்று முட்டுக் கொடுக்கிறது. ‘முட்டுவளையம்’ என்று வைக்கிறேன். அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போட வேண்டும் என்பதையும் பெயரை வைத்தே விளக்கிவிடலாம். இரு பக்கமும் அழுத்தம் வந்தால் இரண்டு பக்கமும் முட்டு.

மாட்டிய பிறகு சுமையில்லாமல் மெதுவாக ஜாக்கியை நீட்டிச் சுருக்கிக் காற்றை வெளியேற்றுவதற்கு நீங்கள் பட்டறையில் என்ன சொல்கிறீர்கள்? ‘ஏர் எடுப்பது’ என்றே போட்டிருக்கிறேன். வேறு வழக்கு இருந்தால் எழுதுங்கள், அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடுகிறேன்.