ஹோட்டல் கிரைண்டரில் ஷாக்: உங்களுக்கும் நடந்திருக்கா?

முன்பு ஈரோட்டில் ஒரு ஹோட்டலில் மாவு அரைக்கும் வேலை பார்த்தேன். பெரிய டில்டிங் கிரைண்டர். ஒரு வாரமாகவே டிரம்மைத் தொட்டால் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "செருப்பைப் போட்டுக்கிட்டு அரைப்பா" என்றார். சரி என்று நானும் அரைத்தேன்.

அன்றைக்குத் தரையெல்லாம் உளுந்து கழுவிய தண்ணீர். செருப்பு வார் அறுந்துபோய் வெறுங்காலில் நின்றேன். மாவை வழிக்க டிரம் விளிம்பைப் பிடித்ததுதான் தெரியும், கையை எடுக்க முடியவில்லை. கரண்ட் தூக்கி எறியும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு விரல்கள் தாமாகவே இறுகிக்கொண்டன. கத்தப் பார்க்கிறேன், சத்தம் வரவில்லை. பரோட்டா மாஸ்டர் என்னைத் தொடாமல் ஓடிப்போய் மெயினை இறக்கினார். இன்றைக்கும் தீபாவளிக்கு அவருக்கு ஒரு வேட்டி சட்டை உண்டு.

உள்ளங்கையில் மிளகு அளவுக்கு வெள்ளையாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். மஞ்சள் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன், முட்டாள்தனம். ராத்திரி நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, விடியும்வரை மானிட்டரில் வைத்திருந்தார்கள்.

எலக்ட்ரீஷியன், 22 வருட அனுபவம்:
தம்பி, அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீங்களா? எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற பச்சை ஒயர். "எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருந்துச்சே, ஏன் விழல?" என்று எல்லாரும் கேட்பாங்க. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இந்தக் கசிவெல்லாம் கண்ணுக்கே தெரியாது. கையைப் பிடித்து வைக்க 10, 20 மில்லி ஆம்பியர் போதும். எர்த் சரியாக இருந்தால், கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடும்போதே ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்திருக்கும், உங்கள் கை படுவதற்கு முன்னாலேயே.

இவ்வளவு பேசுகிற நானும் ஷாக் வாங்கியிருக்கிறேன். ஒரு மில்லில் மோட்டார் டிரைவ், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி. மெயினை இறக்கியாச்சு என்ற தைரியத்தில் உடனே மூடியைத் திறந்து கை வைத்தேன். 415 வோல்ட் டிரைவின் கெபாசிட்டரில் (கரண்டைத் தேக்கி வைக்கும் பாகம்) 560 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், வடிய சில நிமிடம் ஆகும். பொறுக்கச் சொல்லி மூடியிலேயே எழுதியிருந்தது. ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கியது. மழை நாளில் இன்னும் வலிக்கும்.

கிரைண்டர்காரர்:
பார்த்தோம் அண்ணா. பச்சை ஒயரை வெட்டி, நுனியில் அழகாக டேப் சுற்றியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, எர்த் கொடுத்தால் அடிக்கடி டிரிப் ஆகுதாம்.