பெற்றோர் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் அடிக்கலாமா?

தெஹிவளைப் பெற்றோர்:
வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூல அரச பாடசாலை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிரேரணை வருகிறது. தரம் 8, 9 வகுப்புகள் கட்டுக்கடங்கவில்லையாம். அதனால் விருப்பமுள்ள பெற்றோர் "எங்கள் பிள்ளையை ஆசிரியர் அளவாக அடித்துத் திருத்தலாம், நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம்" என்று கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டுமாம். பாதிப் பேர் "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்கோ" கட்சி. இரண்டு விடயம் தெரிய வேண்டும். அந்தக் கடிதம் சட்டத்தில் செல்லுமா? செல்லாதென்றால் 43 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் என்னதான் செய்வது? தயவுசெய்து "அன்பாகப் பேசுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

புதுக்கடைச் சட்டத்தரணி:
செல்லாது. பிள்ளைக்குள்ள உரிமையைப் பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடை செய்கிறது. அதற்கு விதிவிலக்கே கிடையாது. அரச பாடசாலை ஆசிரியர் அரச உத்தியோகத்தர் என்பதால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். 97/2017 இலக்க வழக்கில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் வந்த தீர்ப்பு அரசை 5 லட்சமும், ஆசிரியரைத் தன் சொந்தப் பணத்தில் 1.5 லட்சமும் கட்டச் சொன்னது. இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

குற்றவியல் பக்கம் வேறு. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் துன்புறுத்துவோருக்கு 2 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. பாதுகாவலரின் சம்மதம் பற்றிப் பேசும், அதே சட்டக்கோவையின் 82ஆம் பிரிவை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அது 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கானது. தரம் 8 பிள்ளைக்கு 13. அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனை கூடாதென்று சொல்லிவிட்டதால் ஒழுக்காற்று விசாரணையும் தனியாக வரும்.

இன்னொன்று: அந்தக் கடிதக் கட்டை அலுமாரியில் வைத்திருப்பதுதான் அதிபருக்கு ஆபத்து. அடி நடக்கப் போகிறது என்று நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடிப்படை உரிமை மனுவுக்கான கால எல்லை சம்பவம் நடந்து ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. பலர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தே நாளைத் தவற விடுகிறார்கள். சர்வதேச பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவானவை, அங்கே பொதுவாக இந்த மனு சரிவராது. பொலிஸ் முறைப்பாடும் குடியியல் வழக்கும்தான். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் எல்லாருக்கும் பொது.

காது மூக்குத் தொண்டை:
மேலே வந்த வழக்கை ஒட்டி ஒரு மருத்துவக் குறிப்பு. "கன்னத்தில் ஒரு தட்டு" என்பது பாதி நேரம் காதில்தான் விழும். விரித்த உள்ளங்கை காதை மூடி அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று செவிப்பறையைக் கிழிக்கும். இரைச்சல், அடைப்பு, சிலநேரம் ஒரு துளி இரத்தம். வீட்டில் உடனே சுடு தேங்காயெண்ணெயை விடுவார்கள். எண்ணெய், தண்ணீர், சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். குளிக்கும்போது காதை மூடுங்கள், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். சிறிய ஓட்டை பெரும்பாலும் சில கிழமைகளில் தானாக மூடும். உட்செவி நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அது திரும்பாது, அதனால் செவிப்புலன் சோதனை கட்டாயம். முறைப்பாடு செய்வதென்றால் அரச வைத்தியசாலைக்கே போங்கள். அங்குள்ள பொலிஸ் காவலரண் மூலம் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் படிவம் கிடைக்கும். தனியார் கிளினிக் துண்டு நீதிமன்றத்தில் அவ்வளவு தூரம் போகாது.

தோப்புக்கரணம் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். பழக்கமில்லாத பிள்ளை நூற்றுக்கணக்கில் போட்டால் தசை சிதைந்து சிறுநீர் கோலா நிறத்தில் போகும், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

கணித மிஸ்:
சட்டம் சரி. ஆனால் சுற்றறிக்கை பிரம்பைப் பிடுங்கியது, பதிலுக்கு ஒன்றும் கையில் தரவில்லை. 40 நிமிடப் பாடத்தில் 12 நிமிடம் சத்தம் அடக்கவே போகிறது. பிரம்பு மேசையில் கிடந்தாலே வகுப்பு அமைதி. இதற்கு யாராவது நேரடியாகப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆசிரியர் பயிற்றுநர்:
மிஸ், அமைதி வருவது உண்மை. ஆனால் அது பிரம்பு அறையில் இருக்கும் வரைக்கும்தான். அடுத்த பாடத்துக்குப் பிரம்பில்லாத டீச்சர் வந்தால் சேர்த்து வைத்த சத்தமெல்லாம் அவர் தலையில் கொட்டும். பிள்ளை பழகுவது ஒழுங்கை அல்ல, யாரிடம் பிடிபடக் கூடாது என்பதை. தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல், உடனே வருவதுதான் வேலை செய்யும்.

அந்த 12 நிமிடத்துக்கு வருவோம். அதில் பெரும்பகுதி பாடம் மாறும் இடைவெளியில் பிறக்கிறது, பிள்ளைகளுக்கு அப்போது செய்ய ஒன்றுமில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும், வணக்கம் சொல்லி முடிந்த கையோடு, கரும்பலகையில் முந்தைய நாள் பாடத்திலிருந்து மூன்று கணக்கு. முதல் 5 நிமிடம் அதுதான், தினமும். சத்தம் போடுபவனை முன்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அவனுக்கு 42 பார்வையாளர்கள் கிடைத்துவிடுவார்கள். பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்று கற்பியுங்கள். அடங்காவிட்டால் மெல்லிய குரலில் ஒரே வசனம்: "கொப்பியைத் திற, இரண்டாம் கணக்கு." "கதைக்காதே" என்பதைவிட இது கேட்கும், ஏனென்றால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முறைத்துக்கொண்டு நின்றால் 13 வயதுப் பையன் மானத்துக்காகவே எதிர்த்து நிற்பான்.

வீட்டுவேலை செய்யாததற்கு அடி என்பது மருந்து மாறிக் கொடுப்பது மாதிரி. ஒருவனுக்கு விளங்கவில்லை, ஒருவன் இரவு எட்டு மணி வரை ரியூஷனில், ஒருத்தியிடம் கொப்பி இல்லை, ஒருவனுக்குத்தான் உண்மையிலேயே விருப்பமில்லை. கடைசி 7 நிமிடத்தில் வீட்டுவேலையின் முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்க வையுங்கள். முதலாமவன் யாரென்று அங்கேயே தெரியும். பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பவனுக்குக் கண்ணைச் சோதியுங்கள். பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 7க்குப் பிறகு தரம் 10இல்தான், நடுவில் வரும் கிட்டப்பார்வை குழப்படியாகவே பதிவாகும்.

ஒரு கொப்பியில் கோடு போட்டு மூன்று பத்தி: நேரம், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. இரண்டு கிழமையில் பாருங்கள், பெரும்பாலும் நாலைந்து பெயர், இரண்டு மூன்று நேரம். இடைவேளைக்குப் பிந்திய பாடம் கட்டாயம் இருக்கும். அந்த நாலைந்து பேரின் இருக்கையை மாற்றி, தனித்தனியே இரண்டு நிமிடம் பேசி, வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், ஆலோசனை ஆசிரியர், பெற்றோர் என்று படிப்படியாகப் போங்கள். பாடசாலையின் பதிவேடான சம்பவத்திரட்டில் எழுதுங்கள். விளைவு செய்ததோடு ஒட்டியிருக்கட்டும்: மேசையில் கிறுக்கினால் துடைப்பது, நேரத்தை வீணாக்கினால் இடைவேளையில் 5 நிமிடம். முழு இடைவேளையையும் சாப்பாட்டையும் பிடுங்காதீர்கள். நூறு தரம் எழுத வைத்தால் எழுத்தே தண்டனையாகிவிடும். முழு வகுப்பையும் தண்டிப்பது அதைவிட மோசம், போர்க்கைதிகளுக்கே கூட்டுத் தண்டனை கூடாது என்கிறது 1949 ஜெனீவா உடன்படிக்கை.

எங்கே உடையும் என்றால், இரண்டாவது மூன்றாவது கிழமையில். பிரம்பு உண்மையாகவே போய்விட்டதா என்று வகுப்பு சோதித்துப் பார்க்கும், சத்தம் முன்பைவிடக் கூடும். "பார்த்தீங்களா, சரிவரேல்ல" என்று பிரம்பு திரும்பி வருவது அப்போதுதான். அப்படி வந்தால், கூடுதலாகக் கத்தினால் டீச்சர் மாறுவார் என்பதை வகுப்பு படித்துவிடும். ஆகவே ஒருவர் மட்டும் தொடங்க வேண்டாம். அந்த வகுப்புக்குப் போகும் அத்தனை ஆசிரியரும், தங்களுக்குள் பேசி எடுத்த ஒரே மூன்று விதியோடு, தவணைத் தொடக்கத்தில் தொடங்குங்கள்.

தெஹிவளைப் பெற்றோர்:
நன்றி. கடிதப் பிரேரணையை எடுத்துவிட்டு மூன்று பத்திக் கொப்பியை முன்வைக்கலாம் போலிருக்கிறது. மாணவத் தலைவர்கள் அடிமட்டத்தால் அடிப்பதும் நடக்கிறது, அதற்கு யார் பொறுப்பு?

புதுக்கடைச் சட்டத்தரணி:
அடித்த மாணவனும், தெரிந்தும் விட்ட பொறுப்பாசிரியரும் அதிபரும். மாணவத் தலைவர் பெயரைக் குறித்துக் கொடுக்கலாம், தண்டிக்க முடியாது. பிரேரணையில் அதையும் ஒரு வரியாகச் சேருங்கள், கூட்டக் குறிப்பில் பதிந்து பிரதி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.