ஃபிளாஷ் ஹைடரை (சுடும்போது வர்ற தீப்பொறி வெளிச்சத்தைக் குறைக்க பேரல் முனையில் மாட்டுறது) நிரந்தரமா பொருத்தணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

டெக்சாஸ்ல இருக்கேன். ஏஆர்-15 ரைஃபிளுக்கு 14.5 அங்குல பேரல் (குழல்) வாங்கலாம்னு யோசனை. 16 அங்குலத்துக்குக் குறைஞ்சா 1934 தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி பதிவு பண்ணணும். அந்த அலைச்சல் வேண்டாம்னுதான் நீளமான ஃபிளாஷ் ஹைடரை நிரந்தரமா பொருத்தி (அப்போ அதுவும் பேரல் நீளத்துல சேரும்) 16 அங்குலத்தைச் சரிக்கட்டப் பார்க்கிறேன்.

ஃபிளாஷ் ஹைடரின் பக்கவாட்டில் துளை போட்டுப் பின் (சின்ன உலோக ஆணி) இறக்கி, அதன் தலையை வெல்டிங்கால் மூடுவது, 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்று, ரெண்டையும் ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசுத் துறை) ஏத்துக்குது. பற்று வைக்கிற அவ்வளவு சூடு பேரலுக்கு ஆகுமா? எனக்குப் பின் இறக்குற முறைதான் சரின்னு படுது. (நானே துளை போடப் போறதில்லை, கன்ஸ்மித்கிட்டதான் (துப்பாக்கி மெக்கானிக்) கொடுப்பேன்!)

ஒருதடவை வெல்டிங் வச்சிட்டா கேஸ் பிளாக்கை (பேரல் மேல உட்கார்ந்து, சுடும்போது வர்ற வாயுவைத் திருப்பிவிடுற பாகம்) முன்பக்கமா கழற்ற முடியாதே. அப்புறம் ஒருநாள் ஹேண்ட்கார்டு (பேரலைச் சுத்தி இருக்கிற கைப்பிடி உறை) மாத்தணும்னா என்ன பண்றீங்க? ஃபிளாஷ் ஹைடரை வெட்டி எடுத்தவங்க யாராவது இருந்தா, பேரல் முனை மரை தப்பிச்சதா? ஹூஸ்டன் பக்கம் நல்ல ஆள் இருந்தா, கூலி எவ்வளவுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.