தாத்தாவின் பொடிக் குப்பியும் சட்டைக் கம்பெனிக்காரரும்

குழு: ஆறுமுகம் தாத்தா வீடு
ஞாயிற்றுக்கிழமை

சுமதி (காலை 7:04): [3 படங்கள்]

சுமதி (7:06): கார்த்தி இன்று ஒரு பேய் வீட்டுக்குக் கூட்டிப்போனான். சான் ஹோசேயில் இவன் இருக்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம். 160 அறையாம். படி ஏறிப் போனால் கூரையில் முட்டி நின்றுவிடுகிறது. ஒரு கதவைத் திறந்தால் சுவர். நம் ஊரில் இப்படிக் கட்டியிருந்தால் மேஸ்திரிக்குக் கூலி கிடைத்திருக்காது.

நிவேதா (7:09): வின்செஸ்டர் வீடு! சித்தி, பேய் வந்ததா?

சுமதி (7:09): வரவில்லை. கால் வலிதான் வந்தது.

கார்த்தி (7:13): துப்பாக்கிக் கம்பெனி முதலாளியின் மருமகள் சாரா வின்செஸ்டரின் வீடு. 1886இல் வாங்கி, 1922இல் சாகும்வரை கட்டிக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருந்தார். வின்செஸ்டர் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிக்குப் பயந்து கட்டினார் என்று கைடு கண்ணை உருட்டிச் சொல்கிறார். அதற்கு ஆதாரம் கிடையாது. 1906 பூகம்பத்தில் ஏழு மாடிக் கோபுரம் விழுந்தது மட்டும் நிஜம். விழுந்ததைத் திரும்பக் கட்டவில்லை.

பெரியப்பா (7:20): வின்செஸ்டரா? இரு.

பெரியப்பா (7:31): [படம்]

பெரியப்பா (7:32): தாத்தாவின் மூக்குப்பொடிக் குப்பி. பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அடியில் என்ன எழுத்து என்று யாராவது பெரிதாக்கிப் படியுங்கள். என் கண்ணாடியைக் காணோம்.

திருப்பூர் மாமா (7:33): கண்ணாடி நெற்றியில் இருக்கும் மச்சான்.

பெரியப்பா (7:34): இருந்தது.

நிவேதா (7:36): "டபிள்யூ.ஆர்.ஏ. கோ" என்று இருக்கிறது பெரியப்பா. கீழே ".405 டபிள்யூ.சி.எஃப்." இது குப்பியே இல்லை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு! நடுவில் ஊசி குத்திய பள்ளம்கூடத் தெரிகிறது.

கார்த்தி (7:38): வின்செஸ்டர் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி. சி.எஃப். என்றால் சென்டர் ஃபயர், அடியில் நடுவே கேப், அதாவது ஊசி குத்தினால் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, வைத்த தோட்டா. இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது?

பெரியப்பா (7:47): தாத்தா ஜவளகிரி காட்டில் கார்டாக இருந்தாரே, அப்போது கிடைத்தது. யார் சுட்டது என்று அவருக்கே தெரியாது. ஆறரை சென்டிமீட்டர் நீளம், ஒரு வாரப் பொடி பிடிக்கும், வாய்க்குக் கார்க். பெங்களூரு வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலிகளுக்காக அந்தப் பக்கமெல்லாம் சுற்றினார். அவர் கையில் இருந்ததும் இதே .405 வின்செஸ்டர்தான். அதற்காக இது அவர் சுட்டது என்று நான் அடித்துவிட மாட்டேன். தாத்தாவும் சொன்னதில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இந்த ரகம்.

பெரியப்பா (7:52): இன்னொன்று. பழைய வின்செஸ்டரில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். அதற்குள் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் இருப்பதன் கேப்பில் பின்னால் இருப்பதன் மூக்கு இடிக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். அதனால் தட்டை மூக்கு. 1895 மாடலில்தான் குழாயை எடுத்துவிட்டு அடியில் பெட்டி வைத்தார்கள். .405 தோட்டா அந்தத் துப்பாக்கிக்காக 1904இல் வந்தது.

திருப்பூர் மாமா (7:55): மச்சானுக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. வின்செஸ்டர் பெரிய இன்ஜினியரோ?

கார்த்தி (7:58): அதுதான் மாமா வேடிக்கை. ஆலிவர் வின்செஸ்டர் உங்கள் தொழில். சட்டைக் கம்பெனிக்காரர்.

திருப்பூர் மாமா (7:58): அடேய்!

கார்த்தி (8:03): நிஜமாகத்தான். 1848இல் சட்டை வெட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். கழுத்துப்பட்டி இழுக்காமல், சட்டை தோளில் உட்காரும்படி வளைத்து வெட்டுவது. நியூ ஹேவன் ஊரில் சட்டையில் சம்பாதித்த பணத்தை நொடித்துக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் போட்டார். அங்கே வேலை பார்த்த டைலர் ஹென்றி 1860இல் காப்புரிமை வாங்கியதுதான் ஹென்றி ரைபிள். பிடிக்கு அடியில் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். 1866இல் கம்பெனி வின்செஸ்டர் பெயருக்கு மாறியது. ஹென்றி மனத்தாங்கலோடு போய்விட்டார்.

திருப்பூர் மாமா (8:05): கழுத்து விஷயம் சரியான கணக்கு. தோள் இறக்கம் தப்பினால் காலர் பின்னால் ஓடும். கெட்டிக்காரன்தான்.

நிவேதா (8:06): துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் மாமா காலரைப் பார்க்கிறார் 😂

கார்த்தி (8:12): ஹென்றிக்குப் பிறகு பிரௌனிங். யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊர்க்காரர். 1886, 1892, 1894, 1895 மாடல் எல்லாம் அவர் மூளை. 94 மட்டும் 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். வின்செஸ்டர் ஒவ்வொரு வடிவத்தையும் மொத்த விலைக்கு வாங்கிக்கொள்ளும். தானியங்கி ஷாட்கன் ஒன்றைச் செய்தபோது, இதற்கு மட்டும் ராயல்டி வேண்டும் என்றார். முடியாது என்றார்கள். அவர் பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டார். இன்றைக்கு வின்செஸ்டர் பெயரில் வரும் துப்பாக்கிகள் யார் கையில் தெரியுமா? அதே எஃப்.என்.னுக்குச் சொந்தமான பிரௌனிங் கம்பெனி கையில். பெயருக்கு லைசென்ஸ் வாங்கி விற்கிறார்கள். நியூ ஹேவன் ஆலையை 2006இல் மூடியாயிற்று. பழைய மாடல்கள் ஜப்பானில் மிரோக்கு என்ற கம்பெனியில் தயாராகின்றன. இருக்கும் மாகாணத்தின் பெயர் கோச்சி.

பெரியப்பா (8:14): ராயல்டி கேட்டவனை விரட்டினார்கள், கடைசியில் பெயரே அவன் வீட்டில் குடியிருக்கிறது. நன்றாக வேண்டும்.

திருப்பூர் மாமா (8:16): எங்கள் கதையும் அதுதானே மச்சான். வெட்டுவது, தைப்பது, பட்டன் வைப்பது எல்லாம் நாங்கள். கழுத்தில் லேபிள் வேறு எவனோ.

சுமதி (8:20): இந்தக் கதையெல்லாம் இவன் எங்கே கற்றான் தெரியுமா? கூட வேலை பார்ப்பவர் மான் வேட்டைக்காரர். இங்கே இன்னும் சனிக்கிழமைதான், அதுவும் புரட்டாசிச் சனி. இன்றைக்குப் பார்த்து ஒரு பொட்டலம் மான் கறியை ஃப்ரீசரில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

கார்த்தி (8:21): லைசென்ஸ் எடுத்து, சீசனில் சுட்டதுதான் அம்மா. ஐப்பசி பிறந்த பிறகு சமைக்கிறேன்.

கார்த்தி (8:23): [படம்] அவர் பெட்டி. 20 தோட்டா. குதிரையில் போகிறவன் படம்தான் கம்பெனிச் சின்னம். .308 வின்செஸ்டர், 150 கிரெயின், முழுக்கச் செம்பு.

சுமதி (8:24): 150 கிரெயின் என்றால் எத்தனை பவுன்?

கார்த்தி (8:25): 9.7 கிராம். ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அது பறக்கும் குண்டு மட்டும். கூடு, மருந்து தனி.

பெரியப்பா (8:27): செம்பா? எங்கள் காலத்தில் ஈயம்தானே, மேலே செம்புத் தகடு சுற்றியிருக்கும்.

நிவேதா (8:35): இது என் பாடம், நான் சொல்கிறேன். ஈயக் குண்டு மானின் உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். வேட்டைக்காரர் குடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போவார். கலிஃபோர்னியா காண்டோர் கழுகு அதைத் தின்னும், ஈயம் இரத்தத்தில் ஏறிச் சாகும். 1982இல் உலகத்திலேயே 22 காண்டோர்தான் மிச்சம். இப்போது கூண்டில் இருப்பவற்றையும் சேர்த்து 500க்கு மேல். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு உடையாது. மூக்கு மட்டும் இதழ் இதழாக விரியும், எடை அப்படியே இருக்கும்.

நிவேதா (8:37): நம் நீலகிரிப் பக்கம் மாயாற்றில் இருக்கும் பாறுக் கழுகுகளுக்கும் இதே கதிதான், விஷம் மட்டும் வேறு. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்னும் பாறுக்குள் போய்விடும். மாட்டுக்குப் போடுவதை 2006இல் தடை செய்தார்கள்.

பெரியப்பா (8:40): அப்போ தோட்டாவைச் செய்வதும் பெல்ஜியம்தானா?

கார்த்தி (8:46): இல்லை பெரியப்பா, அது வேறு வீடு. முதல் உலகப்போருக்குப் பிறகு வின்செஸ்டர் கடனில் தத்தளித்தது. ரோலர் ஸ்கேட், டார்ச் லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் செய்து பார்த்தார்கள். 1931இல் மூழ்கியது. தோட்டா செய்துகொண்டிருந்த ஓலின் குடும்பம் வாங்கியது. 1981இல் துப்பாக்கி ஆலையை விற்றுவிட்டு, தோட்டாவையும் பெயரையும் ஓலின் தன்னிடமே வைத்துக்கொண்டது. மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஆலை. இதில் இன்னொரு கூத்து, .308 வின்செஸ்டர் என்பது இப்போது ஒரு அளவின் பெயர். போட்டிக் கம்பெனிகளும் தங்கள் தோட்டாவில் அந்தப் பெயரை அடித்துத்தான் விற்க வேண்டும்.

திருப்பூர் மாமா (8:48): ஹென்றி பாவம். அவர் பெயர் எங்குமே இல்லையா?

கார்த்தி (8:51): ஓர் எழுத்து இருந்தது மாமா. வின்செஸ்டரின் சின்ன .22 தோட்டாவில் பல காலம் அடியில் "எச்" என்று அடித்தார்கள். ஹென்றியின் எச்.

பெரியப்பா (8:53): கண்ணாடி போட்டுக்கொண்டு இதைத் திருப்பிப் பார்த்தேன். எச் இல்லை. கார்க்கைத் திறந்ததும் தும்மல் வந்துவிட்டது. தாத்தா போய் முப்பது வருடம், பொடி வாசம் இன்னும் போகவில்லை.

சுமதி (8:54): மாமா, அதைக் கழுவிவிடாதீர்கள். அப்படியே மூடி வையுங்கள்.