கால்வாய்க் குழு பெருத்துப் போச்சு, மூடிரலாமா?

கேள்வி: தாமிரபரணி ஆத்துக் கன்னடியன் கால்வாய்ப் பாசன வாட்ஸ்அப் குழுவுல 600 பேர். லிங்க் எல்லா இடத்துலயும் சுத்துது. பாபநாசம் அணை நீர்மட்டம் போட்டா கடன் விளம்பரத்துக்குள்ள முங்கிருது. புது ஆள் சேராம மூடிரலாமா அண்ணாச்சி?

பதில் 1: முழுசா மூடுனா புது ஆள் வராம குழு வாடிரும். லிங்க்கை ரீசெட் பண்ணுங்க, பழசு செத்துரும். அட்மின் ஒப்புதலைப் போட்டு, சேர வாரவங்ககிட்ட எந்த மடை, எத்தனை கோட்டை விதைப்பாடுன்னு (நம்ம ஊர் நில அளவு) கேளுங்க. கடன் விளம்பரம் போடுறவன் முழிப்பான்.

பதில் 2: வாட்ஸ்அப் 1024 பேர் வரை விடும். ஆனா டன்பார்ங்கிற ஆய்வாளர் கணக்குல ஒருத்தர் அறிஞ்சு பழகுறது சுமார் 150 பேர்தான். நீர்மட்டத்துக்கு அட்மின் மட்டும் எழுதுற குழு. பேச்சுக்கு மடைவாரியா 50 பேர்.

பதில் 3: அம்பதுக்குக் கீழ நறுக்கிராதீங்க. 15 பேர்ல பேசுறது நாலு பேர். பிசான நெல் பருவத்துல பயிருக்குக் குலைநோய்னு கேட்டா பதில் வராது. அட்மின் மூணு பேராவது வேணும்.